ரீட் சுவிட்ச் மிதவை: வாங்குவதற்கு முன்னும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

தொட்டி நிரம்பியதும் பம்ப் நிற்க வேண்டும், வற்றியதும் ஓட வேண்டும். இந்த வேலைக்காக ரீட் சுவிட்ச் (காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வைத்த மிதவையை வாங்கிப் பொருத்துகிறவர்களில் பலர், கொஞ்ச நாளில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பழுதான மிதவைகளைப் பிரித்துப் பார்த்ததிலும் டேட்டாஷீட்டுகளை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்களை) வரி வரியாகப் படித்ததிலும் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: இந்த சுவிட்ச் திரவத்தால் கெடுவது குறைவு. அதன் வழியே நாம் பாய்ச்சும் மின்சாரத்தால்தான் பெரும்பாலும் கெடுகிறது. எனவே கீழே உள்ளவற்றில் 4, 6 ஆகிய இரண்டு படிகளும் நீளமானவை. அவசரத்தில் இருப்பவர்கள் அந்த இரண்டையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மூடிய கண்ணாடிக் குழல். அதன் இரு முனைகளிலிருந்தும் நிக்கல்-இரும்புக் கலவையாலான மெல்லிய தகடுகள் உள்ளே நீண்டு, நடுவில் மயிரிழை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. குழலுக்குள் நைட்ரஜன் போன்ற வாயு இருக்கும், அல்லது வெற்றிடமாக இருக்கும். காந்தம் நெருங்கினால் தகடுகளின் நுனிகள் எதிரெதிர்த் துருவங்களாகி ஒன்றையொன்று இழுத்துத் தொட்டுக்கொள்ளும். காந்தம் விலகினால் தகட்டின் விறைப்பே அவற்றைப் பிரித்துவிடும். சுவிட்ச் இயங்கத் தனியாக மின்சாரம் வேண்டாம்.

மிதவை சுவிட்சில் இந்தக் கண்ணாடிக் குழல் ஒரு தண்டுக்குள் அசையாமல் இருக்கிறது. தண்டைச் சுற்றி ஏறி இறங்கும் மிதவைக்குள் வளையக் காந்தம் இருக்கிறது. திரவம் தண்டின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். மின்தொடர்பு இருக்கும் இடத்தை அது எட்டுவதே இல்லை. துருப்பிடிக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பு மூடும் (தகடுகள் தொடும்) தூரமும் திறக்கும் (தகடுகள் பிரியும்) தூரமும் ஒன்றல்ல. நெருங்கி வந்து மூடிய காந்தம், அதைவிடச் சற்று அதிகமாக விலகினால்தான் தொடர்பு திறக்கும். மிதவையில் இது சில மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும். அடுத்தது, குழலுக்கு இணையாகக் காந்தம் நகரும்போது தொடர்பு நடுவில் ஒருமுறையும், இரு பக்கங்களில் பலவீனமாக ஒவ்வொரு முறையும், ஆக மூன்று இடங்களில் மூடக்கூடும். இதை அறியாதவர்களுக்கு 5-ஆம் படியில் குழப்பம் வரும்.

2. தொட்டியைப் பற்றி ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ பேசுவதற்கு முன் இந்த விவரங்கள் கையில் இருக்கட்டும்: திரவம் எது, அதன் ஒப்படர்த்தி எவ்வளவு, அதிகபட்ச வெப்பநிலை, அழுத்தம், கலந்துள்ள மண் அல்லது துகள், தொட்டி எதனால் ஆனது, எந்தெந்த மட்டத்தில் தகவல் வேண்டும், மேலிருந்து பொருத்துவதா பக்கவாட்டிலா.

ஒப்படர்த்தியைத் தவறவிட வேண்டாம். தண்ணீருக்கு 1 என்றால் டீசலுக்கு 0.82 முதல் 0.86 வரை, பெட்ரோலுக்கு 0.72 முதல் 0.78 வரை. தண்ணீரில் தாராளமாக மிதக்கும் மிதவை பெட்ரோலில் மூழ்கிவிடலாம். மிதவையின் ஒப்படர்த்தி டேட்டாஷீட்டில் இருக்கும். அது உங்கள் திரவத்தின் எண்ணைவிடக் குறைந்தது 0.1 குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுப்பது என் வழக்கம். அதற்கும் நெருக்கமாக இருந்தால் மிதவை மிதக்கத்தான் செய்யும், ஆனால் மேலே கொஞ்சம் அழுக்குப் படிந்தாலே தாழ்ந்துபோகும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை கண்ணாடிக் குழலைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண ரக நியோடிமியம் காந்தத்துக்கு வரம்பு 80 டிகிரி செல்சியஸ். சாதாரண பிவிசி கேபிளுக்கு 70 டிகிரி. எந்தப் பாகம் முதலில் கைவிடுமோ, அதன் எண்தான் முழு சுவிட்சின் எண்.

3. வகையைத் தேர்ந்தெடுங்கள்

பக்கவாட்டில் பொருத்தும் சிறிய பாலிப்ரொப்பிலீன் மிதவைதான் விலை குறைந்தது. ஒரே ஒரு மட்டம் போதும், திரவம் தண்ணீர் என்றால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. மேலிருந்து தொங்கும் தண்டு வகையில் ஒரே தண்டில் பல மிதவைகளை வைத்துப் பல மட்டங்களை அறியலாம். டீசல், எண்ணெய் போன்றவற்றுக்கு நைட்ரைல் ரப்பர் நுரையாலான மிதவையோ துருப்பிடிக்காத எஃகு மிதவையோ சரியாக இருக்கும். பெட்ரோலிலும் கரைப்பான்களிலும் பாலிப்ரொப்பிலீன் ஊதிப் பெருகும், அங்கே எஃகுதான். விலை நன்றாகவே கூடும், ஆனால் ஊதிய மிதவை தண்டில் சிக்கி நின்றால் அதைவிடப் பெரிய செலவு.

மட்டத்தைத் தொடர்ச்சியாக அளக்க வேண்டுமானால், தண்டு நெடுகிலும் ரீட் சுவிட்சுகளையும் மின்தடைகளையும் சங்கிலியாக அடுக்கிய வகை உண்டு. மிதவை ஏற ஏற மின்தடை மாறும். அளவீடு வழுக்கிக்கொண்டு மாறாது. சுவிட்சுகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்பப் படிப்படியாகவே மாறும்.

தண்டின் நீளத்தையும் மட்டங்களையும் உங்கள் அளவுக்குச் செய்து வாங்குவதாக இருந்தால், இருப்பில் உள்ள பொருளைவிட நாள் அதிகமாகும். திருப்பியும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொட்டியின் வரைபடத்தை நம்பாமல் தொட்டிக்குள் டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். அளவை எங்கிருந்து கணக்கிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறைத் திருகின் அடிப்பகுதியிலிருந்தா, தட்டையான விளிம்பின் கீழ்ப்புறத்திலிருந்தா என்பதில்தான் ஆர்டர்கள் பிசகுகின்றன.

4. டேட்டாஷீட்டில் மூன்று எண்களையும் தனித்தனியாகப் படியுங்கள்

அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஒற்றை எண்ணை நம்பி வாங்க வேண்டாம். முழு டேட்டாஷீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பொருள் வேண்டாம்.

அதில் மாற்றக்கூடிய அதிகபட்ச மின்திறன், அதிகபட்ச மின்னழுத்தம், அதிகபட்ச மின்னோட்டம் என்று மூன்று எண்கள் இருக்கும். சிறிய ரீட் சுவிட்சில் 10 வாட், 200 வோல்ட், 0.5 ஆம்பியர் என்பது பரவலான மதிப்பு. பலர் இதை “200 வோல்ட்டில் அரை ஆம்பியர் தாங்கும்” என்று படிக்கிறார்கள். அப்படியானால் அது 100 வாட் ஆகிவிடும். பத்து மடங்கு அதிகம். மூன்று வரம்புகளும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். 200 வோல்ட்டில் 10 வாட் என்றால் 0.05 ஆம்பியர் மட்டுமே. 24 வோல்ட்டில் ஏறக்குறைய 0.4 ஆம்பியர். முழு அரை ஆம்பியரையும் மாற்ற வேண்டுமானால் மின்னழுத்தம் 20 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

மாறுமின்சாரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 230 வோல்ட் என்பது சராசரி வகைக் கணக்கு. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். டேட்டாஷீட்டில் உள்ள 200 வோல்ட் நேர்மின்சாரத்துக்கோ ஏசியின் உச்சத்துக்கோ உரியது. ஆகவே அந்த சுவிட்சை 230 வோல்ட் வீட்டு இணைப்பில் நேரடியாகக் கோர்க்கவே கூடாது, எவ்வளவு சிறிய சுமையாக இருந்தாலும்.

“தாங்கும் மின்னோட்டம்” என்று ஒரு நான்காவது எண்ணும் இருக்கும். இது மூன்றாவதைவிடப் பெரியதாக இருக்கும். தொடர்பு மூடியிருக்கும்போது ஓடவிடக்கூடிய அளவு அது. மூடவும் திறக்கவும் உரியதல்ல. விற்பவர் இந்த எண்ணைச் சொன்னால் மற்ற மூன்றையும் கேளுங்கள்.

ஆயுட்காலத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். சில மில்லி ஆம்பியர் சுமையில் கோடிக்கணக்கான முறை இயங்கும் அதே குழல், முழுச் சுமையில் சில லட்சம் முறைக்குள் தேய்ந்துவிடலாம். விளம்பரத்தில் வருவது முதல் எண்.

நீர்ப்புகாத் தரத்தைக் குறிக்கும் ஐபி எண்ணில், ஐபி 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதைச் சொல்கிறது. எப்போதும் மூழ்கியே இருக்கும் சுவிட்சுக்கு அது போதாது. ஐபி 68 வேண்டும். அதிலும் எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்பதைத் தயாரிப்பாளர்தான் அறிவிக்க வேண்டும் என்பதால் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எரியும் திரவம் என்றால் ஆவணங்களின் பட்டியல் நீளும். ரீட் சுவிட்ச் தானாக மின்னாற்றலை உண்டாக்குவதுமில்லை, சேமிப்பதுமில்லை என்பதால் ஐஇசி 60079-11 தரநிலை இத்தகையவற்றை எளிய சாதனம் என்ற வகையில் சேர்க்க இடம் தருகிறது. ஆனால் அது தீப்பொறி ஆற்றலைக் கட்டுப்படுத்தும் தடுப்புக் கருவி வழியாக இணைத்தால் மட்டுமே. தடுப்புக் கருவியின் சான்றிதழ், கேபிளின் மின்தேக்குத்திறன் கணக்கு இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்திடாமல் இந்த வகை இணைப்பைத் தொட வேண்டாம்.

5. தொட்டியில் இறக்குமுன் மேசையில் சோதியுங்கள்

அரை மணி நேர வேலை. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்புச் சோதனையில் வைத்து இரு வயர்களையும் பிடியுங்கள். தண்டை நிமிர்த்திப் பிடித்து, மிதவையை, அது தண்டிலிருந்து நழுவாமல் நிறுத்தும் கீழ்க் கிளிப்பிலிருந்து விரலால் மெதுவாக மேலே தள்ளுங்கள். ஒலி மாறும் இடத்தில் தண்டில் பென்சிலால் ஒரு கோடு. அதே மெதுவோடு கீழே இறக்குங்கள். ஒலி மீண்டும் மாறும் இடம் முதல் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழும். அந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம்தான் 1-ஆம் படியில் சொன்ன வித்தியாசம்.

இப்போது மேல் கிளிப்பைக் கழற்றிவிட்டு மிதவையை இன்னும் மேலே தள்ளிப் பாருங்கள். மூடியிருந்த தொடர்பு திறந்துவிடும். கொஞ்சம் தள்ளி மறுபடி மூடவும் கூடும். கிளிப் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்பது அப்போது விளங்கும். அது இல்லையென்றால் மட்டம் உயர்ந்ததும் மிதவை சுவிட்சைத் தாண்டிப் போய், நிரம்பி வழியும் தொட்டியைக் காலி என்று அறிவித்துவிடும். சோதனை முடிந்ததும் அதே பள்ளத்தில் கிளிப்பை மாட்டுங்கள்.

ஒற்றை மிதவை வகைகள் பலவற்றில் மிதவையைத் தலைகீழாக மாட்டினால் என்ஓ (இயல்பில் திறந்திருக்கும்) வகை என்சி (இயல்பில் மூடியிருக்கும் வகை) ஆகிவிடும், ஏனெனில் காந்தம் மிதவையின் நடுவில் இல்லாமல் ஒரு முனைக்கு அருகில் இருக்கிறது. பக்கவாட்டு வகையில் முழு சுவிட்சையும் அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்தினால் இதே மாற்றம் நடக்கும்.

பிறகு ஒரு வாளியில் உங்கள் திரவத்தையே ஊற்றி அதில் இறக்கிப் பாருங்கள். தண்ணீரில் குறித்த மட்டம் டீசலில் பொருந்தாது. மிதவை இன்னும் ஆழமாக அமிழ்ந்து மிதக்கும்.

சோதனை பல்பைக் கொண்டு பார்க்கும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். குளிர்ந்த டங்ஸ்டன் இழை எரியத் தொடங்கும் நொடியில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். ஒரு சோதனையிலேயே தொடர்பு உருகி ஒட்டிக்கொள்ளலாம். மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரும் அப்படித்தான். கேபிளைச் சோதிக்குமுன் சுவிட்சைக் கழற்றிவிடுங்கள்.

6. பம்பை இந்தத் தொடர்பில் கோர்க்காதீர்கள்

பம்ப் மோட்டாரை மட்டுமல்ல, அதன் கான்டாக்டர் (மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) சுருளையும் நேரடியாகக் கோர்க்க வேண்டாம். ஏசி கான்டாக்டர் இழுக்கும் கணத்தில் எடுக்கும் மின்திறன், பிடித்திருக்கும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு. 10 வாட் சுவிட்சுக்கு அது மிக அதிகம்.

நடுவில் ஒரு சிறிய ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்த சுவிட்ச்) வையுங்கள். 12 வோல்ட் ரிலே, சுருளின் மின்தடை 400 ஓம் என்றால் ஓடுவது 30 மில்லி ஆம்பியர். அரை வாட்கூட இல்லை. ரீட் சுவிட்ச் அந்த ரிலேயை இயக்கட்டும், ரிலே கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் பம்பை இயக்கட்டும். மொத்தச் செலவில் இந்த ரிலே மிகச் சிறிய பங்கு. இதை மிச்சப்படுத்துகிறவர்கள்தான் மிதவையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தொட்டிக்குள் போகும் வயரில் குறைந்த மின்னழுத்தம் மட்டுமே இருக்கும் என்பது இதைவிடப் பெரிய நன்மை. அங்கே கை வைக்கப்போவது மனிதர்கள்.

ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கட்டாயம். தொடர்பு திறக்கும்போது சுருள் திருப்பி உதைக்கும் மின்னழுத்தம் சில நூறு வோல்ட்வரை எழும். அது மயிரிழை இடைவெளியில் பொறியாகி உலோகத்தைத் தின்னும். டயோடின் கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுவிட்ச் மூடியவுடன் முழுக் குறுக்குச்சுற்று, சுவிட்சும் போய்விடும்.

கேபிள் நீளமானால் கேபிளே ஒரு மின்தேக்கி. மூடும் கணத்தில் அதில் தேங்கிய மின்னூட்டம் தொடர்பின் வழியே பாயும். சுவிட்சுக்கு அருகில் 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்தால், 24 வோல்ட்டில் அந்தப் பாய்ச்சல் 0.24 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ரிலே இயங்குவதற்கு அந்த மின்தடை தடையாகாது.

மைக்ரோகன்ட்ரோலருடன் இணைப்பவர்களுக்கு வேலை சுலபம். 5 வோல்ட்டும் 10 கிலோ ஓமும் என்றால் அரை மில்லி ஆம்பியர். தொடர்பு வாயுவுக்குள் மூடியிருப்பதால் இவ்வளவு சிறிய மின்னோட்டத்திலும் நம்பகமாக வேலை செய்யும்.

7. வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து இணையுங்கள்

நிரம்பியதைச் சொல்லும் சுவிட்ச், மட்டம் இயல்பாக இருக்கும்போது மூடியிருந்து, நிரம்பும்போது திறக்க வேண்டும். அப்படி இருந்தால் எலி கடித்து வயர் அறுந்தாலும் பம்ப் நிற்கும். நிரம்பும்போது மூடும்படி வைத்தால், அறுந்த வயர் யாருக்கும் தெரியாது; தொட்டி வழிந்த பிறகுதான் தெரியும்.

தொட்டியை நிரப்பும் பம்புக்கு இரண்டு மட்டங்களைக் கொண்ட இணைப்பு இப்படி அமையும். மேல் சுவிட்ச் ரிலே சுருளோடு தொடரில். அதற்கு அடுத்துக் கீழ் சுவிட்சும் ரிலேயின் சொந்தத் தொடர்பு ஒன்றும் இணையாக. கீழ் சுவிட்ச் திரவம் தனக்குக் கீழே இறங்கும்போது மூடும் வகை. திரவம் வற்றியதும் கீழ் சுவிட்ச் மூடி ரிலே இழுக்கும். ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மட்டம் ஏறிக் கீழ் சுவிட்ச் திறந்தாலும் பம்ப் ஓடும். மேல் சுவிட்ச் திறக்கும்போது எல்லாம் விடுபடும். எந்த வயர் அறுந்தாலும் பம்ப் தொட்டியை வழியவிடாது.

ஒரே மிதவையை வைத்துப் பம்பை ஓட்டவும் நிறுத்தவும் முயல வேண்டாம். சில மில்லிமீட்டர் இடைவெளியில் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்து சூடாகிவிடும்.

8. பொருத்துதல்

தண்டு செங்குத்தாக நிற்கட்டும். இரும்புத் தொட்டியின் சுவரிலிருந்தும் இரும்புத் தாங்கிகளிலிருந்தும் மிதவையைத் தள்ளி வையுங்கள். இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்து, மூடும் மட்டத்தையே மாற்றிவிடும். இரண்டு மிதவைகள் மிக நெருக்கமாக இருந்தால் ஒன்றின் காந்தம் மற்றதன் சுவிட்சை இயக்கும். குறைந்தபட்ச இடைவெளி டேட்டாஷீட்டில் இருக்கும்.

திரவம் விழும் குழாய்க்கு நேர் கீழே வைக்காதீர்கள். வேறு இடமில்லை என்றால் தண்டைச் சுற்றி பிவிசி குழாய் ஒன்றை அடிப்பகுதி திறந்திருக்கும்படி நிறுத்துங்கள். குழாயின் மேல்புறத்தில் ஒரு துளை போட மறக்காதீர்கள். துளை இல்லையென்றால் உள்ளே சிக்கிய காற்று திரவத்தை ஏற விடாது. வெளியே தொட்டி நிரம்பினாலும் உள்ளே மிதவை கீழேயே கிடக்கும்.

கேபிளில் இணைப்புப் போடுவதானால் தொட்டிக்கு வெளியே போடுங்கள். வெறும் கண்ணாடிக் குழலை வாங்கி நீங்களே தண்டு செய்வதாக இருந்தால், கம்பியை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் முனையில் கண்ணாடி விரிசல் விடும். கம்பியை வெட்டிக் குறைத்தால் சுவிட்சின் உணர்திறன் குறையும். முன்பு போதுமாக இருந்த காந்தம் பிறகு போதாமல் போகலாம். கடினமான எபாக்ஸியை நேரடியாக ஊற்ற வேண்டாம், அது இறுகும்போது கண்ணாடியை நெரிக்கும். முதலில் சிலிகான் பூச்சு, அதற்கு மேல் எபாக்ஸி. கடினத் தரையில் விழுந்த குழலை, விரிசல் தெரியாவிட்டாலும் பயன்படுத்தாதீர்கள்.

9. நேரத்தாமதம்

தகடுகள் தொடும்போது துள்ளும். அது ஒரு மில்லி விநாடி அளவில் அடங்கிவிடும். மென்பொருளில் 20 முதல் 50 மில்லி விநாடி காத்திருந்தால் போதும். ஆனால் தொட்டியில் உண்மையான தொல்லை அலைதான். அதற்கு விநாடிக்கணக்கில் தாமதம் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் மூன்று முதல் ஐந்து விநாடி மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுமாறு வையுங்கள். ஓடும் வண்டியில் உள்ள தொட்டிக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். வழிதல் அபாயம் உள்ள இடத்தில், அந்த விநாடிகளில் பம்ப் எவ்வளவு திரவத்தை ஊற்றும் என்று கணக்கிட்டு அதற்கேற்ப மேல் மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள்.

10. பழுது வந்தால்

முதலில் மிதவையைக் கையால் அசைத்துப் பாருங்கள். சிக்கியிருந்தால் படிவுதான் காரணம். தண்ணீரில் துருத்தூள் இருந்தால் அது மிதவையின் காந்தத்தில் மீசைபோல் ஒட்டி, மிதவைக்கும் தண்டுக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். கழற்றித் துணியால் துடைத்தால் போதும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் அசையும் ஒலி கேட்டால் அதை மாற்ற வேண்டியதுதான்.

மிதவை தாராளமாக நகர்ந்தும் தொடர்பு மூடியே இருந்தால், தண்டை விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் திறந்தால் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டித் தட்டி ஓட்ட முடியாது, மறுபடி ஒட்டும். புதியதை மாட்டுமுன் 6-ஆம் படிக்குத் திரும்பிப் போய் ரிலேயும் டயோடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடிய நிலையில் புதிய சுவிட்ச் ஓம் அளவில் மிகச் சிறிய பின்னமே காட்டும். பல ஓம் காட்டினால் தொடர்பு எரிந்திருக்கிறது, அல்லது கேபிள் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கிறது. இணைப்பை வெட்டிவிட்டு சுவிட்சின் வயரிலேயே அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

வயர் நிறங்கள், கிளிப் இருக்கும் பள்ளம், மிதவையில் எந்தப் பக்கம் மேலே, பென்சில் கோடுகளின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவுக்கு உள்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.